ஸ்கோக்ஹோம் தீவின் வசந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு முனையை அடுத்துக் கடலில் கிடக்கும் ஸ்கோக்ஹோம் தீவில் ஒரு மே மாதம் ஒரு வாரம் தங்கித் திரும்பியதிலிருந்து, பறவை பார்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் பஃபின் பறவையைப் பற்றியே கேட்கிறார்கள். என் பதில்களோ எங்கே தொடங்கினாலும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையிடம் போய்ச் சேர்கின்றன. அதற்கான காரணம் படிக்கப் படிக்கத் தெரியும்.

ஸ்கோக்ஹோம் எங்கே இருக்கிறது? அது யாருக்குச் சொந்தம்?

பெம்புரோக்‌ஷயர் கடற்கரைக்கு அப்பால், அதைவிடப் பெரியதும் பெயர் பெற்றதுமான ஸ்கோமர் தீவுக்குத் தெற்கே இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், அதில் பாதி அகலம். பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். கரையோரப் பாறைகள் செம்மணற்கல் ஆதலால் மாலை வெயிலில் தீவு முழுவதும் செங்கல் நிறமாகத் தோன்றும். தென்மேற்கு முனையில் 1916-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. தீவு 2006 முதல் தெற்கு மற்றும் மேற்கு வேல்ஸ் வனவிலங்கு அறக்கட்டளைக்குச் சொந்தமாக இருக்கிறது.

அங்கே வசந்தம் எப்போது தொடங்குகிறது?

நாள்காட்டியைப் பார்த்துச் சொல்வதானால் மார்ச் மாதத்தில். ஆனால் அதன் முதல் அறிகுறியைக் கண்ணால் காண முடியாது, காதால்தான் கேட்க முடியும். தென் அமெரிக்கக் கடல்களில் குளிர்காலத்தைக் கழித்த மாங்ஸ் ஷியர்வாட்டர்கள் மார்ச் மாத இருட்டில் திரும்பி வந்து, சென்ற ஆண்டு விட்டுச் சென்ற அதே வளைகளுக்குள் இறங்கிக் கத்துகின்றன. மார்ச் இறுதியில் பஃபின்கள் தீவைச் சுற்றியுள்ள நீரில் கூட்டங்கூட்டமாகத் தென்படும். ஒரு நாள் ஆயிரக்கணக்கில் இருக்கும், மறுநாள் ஒன்றுகூட இராது. ஏப்ரலில் வீட்டியர், கதிர்க்குருவிகள், தகைவிலான் முதலிய வலசைப் பறவைகள் வடக்கு நோக்கிப் போகும் வழியில் இறங்கி இளைப்பாறும். மே மாதம் புளூபெல்லும் வெள்ளைக் கடல் கேம்பியனும் இளஞ்சிவப்புத் திரிஃப்ட்டும் ஒன்றையடுத்து ஒன்று பூக்கும். அதே மாதத்தில் பாறை விளிம்புகளில் கில்லெமாட்டும், பாறை இடுக்குகளில் ரேசர்பில்லும் முட்டையிடும். ஜூனில் பிராக்கன் பெரணி இடுப்பளவு வளர்ந்து பலவற்றையும் மறைத்துவிடுவதற்குள் வந்துவிடுவது நல்லது.

பகல் முழுவதும் நடந்தும் ஒரு ஷியர்வாட்டரைக்கூடப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்பது உண்மைதானா?

உண்மைதான். 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்கோக்ஹோமில் மட்டும் ஏறக்குறைய 89,000 இணைகளும், ஸ்கோமரில் ஏறக்குறைய 3,50,000 இணைகளும் இருந்தன. உலகிலுள்ள மாங்ஸ் ஷியர்வாட்டர்களில் பாதிக்கும் மேல் இந்தச் சிறு தீவுக்கூட்டத்தில்தான் குஞ்சு பொரிக்கின்றன. நீங்கள் நடந்து வந்த புல்வெளிக்கு அடியில், ஒரு முழம், இரண்டு முழம் நீள வளைகளில், இணைக்கு ஒன்று என்ற கணக்கில் அவை அடைகாத்துக்கொண்டிருந்தன. மற்றொன்று கடலில் இரை தேடிக்கொண்டிருந்தது. நீங்கள் அவற்றின் கூரைமேல் நடந்து போயிருக்கிறீர்கள்.

இந்தப் பறவை பகலில் வெளியே வராததற்குக் காரணம் அதன் கால். நீருக்குள் துழாவி நீந்துவதற்கு ஏற்றவாறு கால்கள் உடலின் கடைக்கோடியில் அமைந்திருப்பதால், தரையில் அது நிமிர்ந்து நிற்க முடியாது; மார்பைத் தரையில் தேய்த்து, இறக்கைகளைத் துடுப்புபோல ஊன்றித் தவழ்ந்துதான் போகும். காற்றில் அலையின் முதுகை உரசிக்கொண்டு போகும்போது அவ்வளவு நேர்த்தியாகப் பறக்கும் ஒன்று, மண்ணைத் தொட்டதும் கவிழ்த்துப் போட்ட ஆமைபோல ஆகிவிடுகிறது. பெரிய கருமுதுகுக் கடற்காகங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவற்றிடமிருந்து தப்புவதற்காகவே ஷியர்வாட்டர்கள் நல்ல இருட்டில் மட்டும் கரையேறுகின்றன. நிலா வெளிச்சம் இருக்கும் இரவுகளில் வருகை வெகுவாகக் குறைந்துவிடும்.

காலையில் பாதையோரத்தில், உறையைப் புறம் திருப்பியதுபோல் தோல் உள்வெளியாகத் திரும்பி, இறக்கைகளும் மார்பெலும்பும் மட்டும் மிஞ்சிய உடல்களைக் காணலாம். முந்தைய இரவு சற்றுத் தாமதித்தவை அவை. முதல் நாள் பார்த்தபோது எனக்குக் காலை உணவு இறங்கவில்லை. மூன்றாம் நாளில் இறக்கையில், ஆய்வாளர்கள் எண் பொறித்த அடையாள வளையம் போட்ட கால் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து தேடும் அளவுக்குப் பழகிவிட்டது. வளையம் கிடைத்தால் எண்ணைக் குறித்துக் காப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

இரவில் கேட்கும் அந்தச் சத்தத்தை எப்படி விவரிப்பீர்கள்?

முழுதாக விவரிக்க முடியாது என்பதே நேர்மையான பதில். தொண்டை கட்டிய சேவலும் மூச்சுத் திணறும் குழந்தையும் ஒரே குரலில் பேச முயன்றால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி இருக்கும். ஆணின் குரல் சற்றுத் தெளிவாகவும் பெண்ணின் குரல் கரகரப்பாகவும் இருக்கும். ஒரு பறவையின் குரல் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பல்லாயிரம் பறவைகள் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் ஒரே நேரத்தில் கத்தும்போதுதான், முன்பின் அறியாமல் இந்தத் தீவுகளில் இறங்கிய பழைய மாலுமிகள் பேய் என்று எண்ணி நடுங்கியதில் வியப்பில்லை என்று தோன்றுகிறது.

நான் தங்கியிருந்த நான்காம் இரவு மழைத் தூறலுடன் நல்ல இருட்டாக இருந்தது. சிவப்பு விளக்கை நிலத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் இருபது அடித் தூரத்தில் பதினொரு பறவைகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒன்று என் காலணியின் மேல் ஏறி, அதை ஒரு கல்லாக நினைத்ததுபோலச் சற்று நேரம் அமர்ந்திருந்தது. முதுகு கரிய ஈரப்பட்டுபோலவும், கன்னத்துக்குக் கீழே வெள்ளையாகவும், அலகின் நுனி கொக்கிபோல வளைந்தும், அதன்மேல் இரண்டு சிறு குழாய்களாக மூக்கும் தெரிந்தன. மீன் எண்ணெயும் பழைய கம்பளியும் கலந்த ஒரு வாடை வந்தது. பிறகு அது இறங்கித் தவழ்ந்து, எனக்கு எந்த வேறுபாடும் தெரியாத நூறு வளைகளில் தன்னுடைய வளை எதுவோ அதற்குள் நேராகப் போய்விட்டது.

அமெரிக்காவில் கொண்டுபோய் விட்ட பறவை தானாகத் திரும்பியது என்கிறார்களே, அது கதையா?

கதையல்ல. 1952-இல் இந்தத் தீவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஒரு ஷியர்வாட்டர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விடுவிக்கப்பட்டு, பன்னிரண்டரை நாளில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தன் வளைக்குத் திரும்பியது. அதை விடுவித்ததாகத் தெரிவிக்கும் கடிதம் அதற்குப் பிறகே வந்து சேர்ந்தது. அதற்கும் முன்பு, 1937-இல், அப்போது இந்தத் தீவில் வாழ்ந்த ரொனால்டு லாக்லி இத்தாலியின் வெனிஸ் நகருக்கு அனுப்பிய பறவை ஒன்று 14 நாள்களில் திரும்பியிருக்கிறது. இது ஷியர்வாட்டரின் வழக்கமான பாதையில் இல்லாத கடல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எனக்கு இவற்றைவிட வியப்பாகத் தோன்றுவது குஞ்சுகளின் பயணம். எழுபது நாள் அளவில் வளைக்குள் வளர்ந்து, ஒரு கட்டத்தில் பெற்றோரைவிடக் கனமாகக் கொழுத்துப்போகும் குஞ்சைப் பெற்றோர் விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அது சில இரவுகள் வெளியே வந்து இறக்கையடித்துப் பழகிவிட்டு, வழிகாட்ட எவருமின்றி, இதற்குமுன் ஒருமுறைகூடப் பார்த்திராத அர்ஜென்டினா நோக்கிப் புறப்படுகிறது. ஆயுளும் நெடியதுதான்: வடக்கு வேல்ஸின் பார்ட்சி தீவில் 1957-இல் வளர்ந்த பறவையாக வளையமிடப்பட்ட ஒன்று 2003-இல் மீண்டும் பிடிக்கப்பட்டது, அப்போது அதற்கு ஐம்பது வயதை ஒட்டி இருந்திருக்கும்.

லாக்லி என்பவர் யார்?

1927-இல் இந்தத் தீவைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறிய வேல்ஸ் இளைஞர். சின்சில்லா முயல் வளர்த்துப் பணம் சம்பாதிக்க வந்தார். அந்தத் திட்டம் தேறவில்லை. மறு ஆண்டு, நிலக்கரி ஏற்றிவந்த ஆலிஸ் வில்லியம்ஸ் என்ற பாய்மரக் கப்பல் தீவின் பாறையில் மோதி உடைந்தது. அதன் மரத்தைக் கொண்டு பாழடைந்த பண்ணை வீட்டைச் சீர்படுத்தினார், அதன் கரியைக் கொண்டு அடுப்பெரித்தார். முயலில் தோற்றவர் பறவையில் வென்றார். வீட்டருகே இருந்த வளைகளுக்கு மேலே மண்ணை வெட்டி, எடுத்து மூடும் புல்மூடி போட்டு, தினமும் திறந்து பார்த்துத்தான் ஷியர்வாட்டர் முட்டை பொரிக்க 50 நாளுக்கு மேல் ஆகிறது என்பதையெல்லாம் அவர் கண்டறிந்தார். பிரிட்டனின் முதல் பறவை ஆய்வகம் 1933-இல் இங்கே அவரால் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல் அவர் தீவைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் 1976-இல் வளையமிடும் பணி நின்றுபோய், நெடுங்கால இடைவெளிக்குப் பிறகு 2014-இல்தான் ஸ்கோக்ஹோம் மீண்டும் பறவை ஆய்வகம் என்ற அங்கீகாரத்தைப் பெற்றது.

பஃபின் பார்க்க முடியுமா? எவ்வளவு அருகில்?

முடியும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்தால் அதுவே உங்களை நோக்கி நடந்து வரும். படங்களைப் பார்த்துப் பெரிய பறவையாக நினைத்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள்; அது ஒரு சாண் உயரந்தான், எடை 400 கிராம் அளவில் இருக்கும். எல்லோரும் படமெடுக்கும் அந்த வண்ண அலகு வசந்தத்துக்கு மட்டும் உரியது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் வண்ணத் தகடுகள் உதிர்ந்து, குளிர்காலக் கடலில் அது சாம்பல் முகத்துடன் திரியும்.

பஃபினும் வளையில்தான் முட்டையிடுகிறது, அதுவும் ஒன்றே ஒன்று. அடைகாக்க ஏறக்குறைய ஆறு வாரம், குஞ்சு வளர மேலும் ஆறு வாரம். ஆகவே ஏப்ரலில் வருபவர்கள் வளைவாசலில் அலகோடு அலகு உரசும் இணைகளைப் பார்ப்பார்கள்; அலகு நிறைய மணல்விலாங்கு மீன்களை அடுக்கி வரும் பஃபினைப் படமெடுக்க விரும்புபவர்கள் ஜூன் வரை பொறுக்க வேண்டும். ஆகஸ்டில் வந்து பஃபின் எங்கே என்று கேட்பவர்களுக்குப் படகோட்டிகள் கடலைக் கைகாட்டுவார்கள்.

மற்ற பறவைகள்?

ஸ்டார்ம் பெட்ரல் பற்றி மட்டும் சொல்கிறேன். 25 கிராம் எடையுள்ள, குருவியைவிடச் சற்றே பெரிய இந்தக் கடற்பறவை மே மாதத்தில் வந்து, வயல்களைப் பிரித்து நிற்கும் பழைய கற்சுவர்களின் இடுக்குகளிலும் பாறைச் சிதறல்களிலும் கூடமைக்கிறது. இரவு பத்தரைக்குமேல் சுவரில் காதை வைத்தால், பூனை உறுமுவதுபோன்ற தொடர்ச்சியான ஓசையும் நடுநடுவே ஒரு விக்கலும் கேட்கும். இந்தக் காரணத்தாலேயே அங்கே யாரும் சுவர்மீது உட்காருவதில்லை, ஒரு கல்லைக்கூட நகர்த்துவதில்லை.

பைகளை ஏன் அவ்வளவு கெடுபிடியாகச் சோதிக்கிறார்கள்?

எலி வந்துவிடக்கூடாது என்பதற்காக. ஸ்கோக்ஹோமில் எலியும் இல்லை, பூனையும் இல்லை, நரியும் இல்லை. நிலத்தடியில் முட்டையிடும் பறவைகள் இத்தனை இருப்பதற்கு அதுவே காரணம். கருவுற்ற ஒரு பெண் எலி மளிகைப் பெட்டிக்குள் ஒளிந்து வந்து இறங்கினால் போதும். இது வெறும் அச்சமல்ல. சற்று வடக்கே உள்ள ராம்சி தீவில் கப்பல்கள் வழியாக வந்த எலிகள் நூறாண்டுக்கும் மேல் குடியிருந்தன. 1999–2000 குளிர்காலத்தில் அவை ஒழிக்கப்பட்டன. அதற்குமுன் 900-க்கும் குறைவாக இருந்த ஷியர்வாட்டர் இணைகள் 2016-இல் ஏறக்குறைய 4,800 ஆயின. ஸ்டார்ம் பெட்ரலும் தானாக வந்து குடியேறியது. ஆகவே படகேறும் முன் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம்.

சுண்டெலி மட்டும் இங்கே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மனிதர்களோடு வந்து தங்கிவிட்டது. உங்கள் ரொட்டியை மூடி வையுங்கள்.

முயல்களை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்?

இடைக்காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்கும் கொண்டுவந்து விடப்பட்ட முயல்கள் புல்லைக் குட்டையாக மேய்ந்து வைக்கின்றன. அவை தோண்டிய வளைகளைப் பறவைகளும் பயன்படுத்திக்கொள்கின்றன. 1930-களின் பிற்பகுதியில் மிக்சோமா என்ற வைரஸைக் கொண்டு அவற்றை ஒழித்துப் பார்க்க ஒரு முயற்சி நடந்தது. நோய் பரவவே இல்லை. அதைப் பரப்பும் முயல் தெள்ளுப்பூச்சி இந்தத் தீவில் இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

பாதையைவிட்டு இரண்டடி விலகி ஒரு படம் எடுத்தால் என்ன ஆகிவிடும்?

தரை உள்வாங்கும். வளையின் கூரை பல இடங்களில் நான்கு விரல் கனந்தான் இருக்கும். உங்கள் கால் உள்ளே போனால் கணுக்கால் சுளுக்கும். உள்ளே இருக்கும் பறவைக்கு முட்டை போகும், சில வேளைகளில் உயிரும் போகும். மறுமுட்டை இடும் வழக்கம் ஷியர்வாட்டருக்கு இல்லாததால் அந்த ஆண்டே அதற்கு வீண். தெரியாமல் மிதித்து உடைத்துவிட்டால் ஒளிக்காமல் உடனே காப்பாளரைக் கூப்பிடுங்கள். மண்ணை அகற்றி, மேலே ஒரு பலகையோ கல்லோ வைத்து மூடிப் பல வளைகளைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

அங்கே வேலை செய்பவர்களின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

வசந்த காலத்தில் அது விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும் காலைகளில் வலைகளையும் ஹெலிகோலாந்து பொறியையும் திறந்து வைப்பார்கள். வாய் அகன்று, போகப்போகக் குறுகி, ஒரு பெட்டியில் முடியும் கம்பிவலைக் கூண்டு அது. பிரிட்டனில் முதன்முதலாக 1933-இல் இங்கேதான் கட்டப்பட்டது. பிடிபடும் கதிர்க்குருவியை அளந்து, நிறுத்து, காலில் எண் பொறித்த வளையம் பூட்டிப் பறக்கவிட ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்கு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பறவையைத் தொடலாம்.

பிறகு எண்ணும் வேலை. கில்லெமாட்டுகளைப் பாறைக்கு எதிரே அமர்ந்து கண்ணால் எண்ணலாம். நிலத்தடிப் பறவைகளை எண்ணுவதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள்: ஷியர்வாட்டரின் குரலைப் பதிவுசெய்து வளைவாசலில் ஒலிக்கவிட்டு, உள்ளிருந்து பதில் வருகிறதா என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் எல்லாப் பறவைகளும் பதில் சொல்வதில்லை என்பதால், எத்தனையில் எத்தனை பதில் சொல்லும் என்பதை முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொண்டு கணக்கைச் சரிசெய்ய வேண்டும். வயிற்றில் படுத்து, ஒலிபெருக்கியை வளைக்குள் நீட்டி, காதைச் சாய்த்து, அடுத்த வளைக்குத் தவழ்வதை வெயிலிலும் மழையிலும் நாள்கணக்கில் செய்பவர்களைப் பார்த்த பிறகு, அறிக்கைகளில் வரும் எண்களை நான் வேறு மரியாதையுடன் படிக்கிறேன்.

பஃபின்களை முட்டையிடும் முன்பே, ஏப்ரல் வாக்கில் ஒரு மாலையில், கடலில் மிதப்பவை, கரையில் நிற்பவை என்று எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறார்கள். படகுத்துறையைச் சீர்செய்வது, கூரை ஒழுக்கை அடைப்பது, எரிவாயு உருளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறுவது ஆகியவையும் அதே ஆட்களின் வேலைதான்.

இரவு உணவுக்குப் பின் நாட்பதிவு. எல்லோரும் ஓர் அறையில் கூடுவார்கள். காப்பாளர் பறவைப் பெயர்களை வரிசையாக வாசிப்பார்; பார்த்தவர்கள் எண்ணிக்கையைச் சொல்வார்கள். பறவை, பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, கடல்நாய் என எல்லாமே அன்றன்றைக்கே பதிவாகும். மழைக்குப் பயந்து நாள் முழுவதும் அறையிலேயே இருந்த அன்றும் சன்னல் வழியாக நான் பார்த்த மூன்று தகைவிலான்கள் அந்த ஏட்டில் ஏறின.

தங்கும் வசதி எப்படி? யார் வேண்டுமானாலும் போகலாமா?

ஸ்கோமருக்குப் பகலில் போய்த் திரும்பலாம். மார்ட்டின்ஸ் ஹேவன் துறையிலிருந்து படகு புறப்படும், நாளொன்றுக்கு இறங்கும் ஆட்களுக்கு வரம்பு உண்டு. ஸ்கோக்ஹோம் பெரும்பாலும் தங்க வருபவர்களுக்கானது. ஒரு நேரத்தில் இருபது பேர் அளவில்தான் இடம் என்பதால் முன்பதிவு திறந்ததும் நிரம்பிவிடுகிறது. உணவைக் கொண்டுபோய் நீங்களே சமைக்க வேண்டும். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. கழிப்பறை மட்கும் வகையைச் சேர்ந்தது. தண்ணீரை எண்ணிச் செலவழிக்க வேண்டும். வசதி குறைவு என்று சொல்லமாட்டேன், ஆனால் முடிதிருத்திச் சலவை மடிப்புக் கலையாமல் திரும்ப விரும்புபவர்களுக்கான இடமல்ல.

படகு வருமா என்பதைக் காற்று முடிவுசெய்யும். திரும்பும் நாளில் அலை உயர்ந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோதான் கரை. மருந்து எடுத்துக்கொள்பவர்கள் சில நாள்களுக்குக் கூடுதலாகவே வைத்திருங்கள். விமானப் பயணத்தை அடுத்த நாளே வைத்துக்கொள்ளாதீர்கள்.

பறவைகளின் எண்ணிக்கை உயர்கிறதா, குறைகிறதா?

இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. ஸ்கோமரில் 2025-இல் எண்ணப்பட்ட பஃபின்கள் 43,626. இது அங்கே பதிவான மிக உயர்ந்த எண்ணிக்கை. அதே கடலில், ஸ்கோக்ஹோமின் மேற்குப் பாறையிலிருந்து பார்த்தால் தொடுவானில் வெண்மையாகத் தெரியும் கிராஸ்ஹோம் தீவில், பறவைக் காய்ச்சலுக்குப் பிறகு 2023-இல் எண்ணியபோது கேனட் பறவைகளில் ஏறக்குறைய பாதி குறைந்திருந்தன. புயல்களும் உண்டு: 2013–14 குளிர்காலப் புயல்களில் பட்டினியால் செத்து மேற்கு ஐரோப்பியக் கரைகளில் ஒதுங்கிய கடற்பறவைகள் 50,000-க்கும் மேல், அவற்றில் பஃபின்களே மிகுதி. ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டும் இடும் பறவைக்கு இப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தை ஈடுகட்டப் பல வசந்தங்கள் வேண்டும்.

ஒரே ஒரு வாரந்தான் கிடைக்கும் என்றால் எந்த வாரம் போகலாம்?

பூவும் பஃபினும் வேண்டுமென்றால் மே மாதத்தின் எந்த வாரமும் சரிதான். என்னைக் கேட்டால், மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ அமாவாசை எந்த வாரத்தில் வருகிறது என்று பார்த்து அதற்கே பதிவு செய்யச் சொல்வேன். பௌர்ணமி வாரத்தில் போய், வானம் தெளிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, ஷியர்வாட்டர் கூட்டத்தைப் பார்க்காமலே திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர் இருக்கிறார்கள். சிவப்பு ஒளி தரும் டார்ச் ஒன்றும் அதற்கு மாற்று பேட்டரியும் எடுத்துச் செல்லுங்கள். இரவு பதினொன்றரைக்குமேல் மெல்ல வெளியே வாருங்கள். அடி எடுத்து வைக்கும்முன் அந்த இடத்தில் பறவை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.